வீட்டைப் பார்க்குமுன் கிராண்டைப் பாருங்கள்

சங்கக் கிளைக் கூட்டம் முடிந்து தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும் நேரத்தில், நம்மைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போய் ஒரு கேள்வி கேட்கும் தோழர்கள் இப்போது பெருகி வருகிறார்கள். "ஐயா, கம்பத்துப் பக்கம் பழைய பலகை வீடு ஒன்று நிலத்தோடு விலைக்கு வந்திருக்கிறது. சேமநிதிப் பணம் கைக்கு வரப் போகிறது. வாங்கிப் பழுது பார்த்துக் குடியேறலாமா?" என்பதே அக்கேள்வி. கேட்பவர் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவராக இருப்பார். அல்லது அதே முப்பது ஆண்டுகள் ஆப்பீசில் உட்கார்ந்து செக்ரோல் எழுதிய கிராணியாராக இருப்பார். இருவருக்கும் கவலை ஒன்றே. வேலை முடிகிற நாளில் தோட்டத்து வீடும் கைவிட்டுப் போகிறது.

இதற்கு நமது கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். வாங்கலாம். ஆயினும், கிராண்டு இன்னதென்று படித்தறியாமல் ஒரு வெள்ளிகூட முன்பணம் கொடுக்கக்கூடாது. வீட்டின் அழகு பின்னால். நிலத்தின் பத்திரம் முன்னால். இந்த வரிசை மாறியதால் வாழ்நாள் சேமிப்பை இழந்தவர்களை நாம் அறிவோம்.

ஆசை நியாயமானது

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்றார்கள் நம் பெரியவர்கள். காடு திருத்தி, கன்று நட்டு, இந்நாட்டின் இரப்பர் தொழிலை வளர்த்த கைகள் நம் பாட்டன் பாட்டியின் கைகள். ஆனால் அவர்கள் குடியிருந்த லயத்தில் ஓர் ஆணிகூட அவர்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. வீடு வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் வீட்டுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. தண்ணீர், வெளிச்சம், சுகாதாரம் இவற்றை நிர்வாகத்தின் கடமையாக்கியது. அது நல்ல காரியமே. எனினும் தரமான வீடு வேறு, சொந்த வீடு வேறு.

1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது என்ன நடந்தது என்பதை மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாங்கிய கூட்டத்தார் தோட்டத்தைக் கூறுபோட்டுச் சில்லறையாக விற்றார்கள். கூறுபோட்ட நிலத்தில் லயத்துக்கு இடமில்லை. ஆலயத்துக்கும் பள்ளிக்கும்கூட நிச்சயமில்லை. பேராசிரியர் உங்கு அசீஸ் இந்தத் துண்டாடலை ஆராய்ந்து எழுதினார். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, தொழிலாளியின் சிறு சேமிப்பைத் திரட்டி, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் தொழிலாளரின் பங்குப் பணத்தில் வாங்கப்பட்டது. தனியொருவனால் வாங்க முடியாத நிலத்தைப் பலர் சேர்ந்து வாங்கலாம் என்று காட்டிய செயல் அது.

ஆகவே நிலத்தின்மீது நம்மவர்க்குள்ள ஆசையைப் பேராசை என்று எவரும் இகழ வேண்டியதில்லை. பட்டணத்து அடுக்குமாடியில் ஐந்தாம் மாடிக்கு ஏறி இறங்க முடியாமல் தவிக்கும் முதியவர், நான்கு வாழைக்கும் ஒரு முருங்கைக்கும் இடமுள்ள வாசலைக் கனவு காண்பதில் குற்றம் என்ன?

நடந்த கதை ஒன்று

நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர். கணவனும் மனைவியும் ஒரே தோட்டத்தில் நிரை பிடித்தவர்கள். ஓய்வு பெறுகையில் ஒரு தரகர் வந்து, பழமரத் தோப்பின் நடுவே நின்ற பழைய வீட்டைக் காட்டினார். வீட்டைச் சுற்றிக் கால் ஏக்கர். ரம்புத்தானும் மங்குஸ்தீனும் காய்த்து நின்றன. அம்மையார் அடுப்படியில் நின்று சன்னல் வழியே பார்த்தார். மனம் அங்கேயே தங்கிவிட்டது. பணம் கொடுத்தார்கள். கூரையை மாற்றினார்கள், தரைக்குச் சிமெந்து பூசினார்கள், கழிப்பறை கட்டினார்கள்.

இரண்டாண்டு கழித்து ஒருவர் வந்து, "நீங்கள் நிற்கும் இடம் என்னுடையது" என்றார். கிராண்டை எடுத்துப் பார்த்தால் அது மூன்று ஏக்கர் நிலத்துக்கு உரிய ஒரே கிராண்டு. அதில் பன்னிரண்டு பெயர்கள். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு. எந்தப் பங்கு எந்த மூலையில் என்று கிராண்டில் ஒரு சொல்லும் இல்லை. வேலி போட்டுக் காட்டியது தரகர். நில அலுவலகம் அந்த வேலியை அறியாது. அத்தம்பதியர் பழுதுபார்த்த வீடு, சட்டத்தின் கண்ணில் பன்னிருவருக்கும் பொதுவான நிலத்தில் நிற்கிறது. வழக்காட அவர்களிடம் பணமில்லை. விட்டுப் போகவும் மனமில்லை.

இதில் நம் நெஞ்சை அறுப்பது வேறொன்று. அவர்கள் கையெழுத்திட்ட தாளை, அதே தோட்டத்து ஆப்பீசில் இருந்த எந்தக் கிராணியாரும் பத்து நிமிடத்தில் படித்துச் சொல்லியிருக்க முடியும். அவர்கள் கேட்கவில்லை, கேட்கக் கூச்சம். கிராணியாரும் விசாரிக்கவில்லை; நமக்கென்ன என்ற எண்ணம். ஒரு தோட்டத்துக்குள் இருந்த இந்தச் சிறு இடைவெளிக்குள்தான் தரகர் புகுந்தார்.

தாளில் பார்க்க வேண்டியவை

ஆகவே கிராணியார்களுக்கே முதலில் சொல்கிறோம். நம் தோழர் ஒருவர் நிலம் வாங்கப் போகிறார் என்று கேள்விப்பட்டால், கிராண்டின் நகலை வாங்கி இவற்றைப் பாருங்கள்.

ஒன்று: அது கிராண்டுதானா? பல பழைய வீடுகள் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் நிற்கின்றன. டி.ஓ.எல். என்று நம்மவர் சொல்லும் இந்த உரிமம் அந்தந்த ஆண்டு முடிவோடு முடிகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒருவர் மற்றொருவருக்கு அதை விற்க முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் இறந்துவிடும்; பிள்ளைக்குப் போகாது. இத்தகைய வீட்டுக்குப் பெரும் பணம் கொடுப்பது மணலில் தூண் நடுவதற்குச் சமம்.

இரண்டு: மலாய் ஒதுக்கீட்டு நிலமா? 1913இலிருந்து சட்டம் உண்டு. அந்த நிலத்தை மலாய்க்காரரல்லாதவர் பெயருக்கு மாற்ற முடியாது. "பெயர் அவரிடம் இருக்கட்டும், நிலம் உங்களிடம் இருக்கட்டும்" என்று எவரேனும் சொன்னால், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்று: எத்தனை பெயர்கள் உள்ளன? பங்கு குறிக்கப்பட்டிருந்தால் மேலே சொன்ன கதையை நினைத்துக்கொள்ளுங்கள். விவசாய நிலத்தை 0.4 ஹெக்டேருக்குக் குறைவான துண்டுகளாகப் பிரித்துத் தனிக் கிராண்டு எடுக்கத் தேசிய நிலச் சட்டம் இடம் தருவதில்லை. அது ஏறக்குறைய ஓர் ஏக்கர். அப்படியானால், "கால் ஏக்கர், அரை ஏக்கர், தனிக் கிராண்டு பிறகு வரும்" என்று ஒரு தரகர் விவசாயத் தோப்பைக் கூறுபோட்டு விற்றால், வராத கிராண்டுக்குப் பணம் கேட்கிறார் என்றே பொருள். கெடா, பினாங்குப் பகுதியில் ரெலோங் கணக்கில் பேசுவார்கள். ஒரு ரெலோங் ஓர் ஏக்கரில் முக்காலுக்கும் சற்றுக் குறைவு. ஆகவே ஒரு ரெலோங் விவசாய நிலத்தைப் பெரிய நிலத்திலிருந்து வெட்டித் தருகிறேன் என்பதும் அதே கதைதான்.

நான்கு: நிலத்தின் வகை என்ன? விவசாயமா, கட்டடமா, தொழிலா என்று கிராண்டில் எழுதியிருக்கும். விவசாய நிலத்தில் உடையவர் தாம் குடியிருக்க வீடு வைத்துக்கொள்ளலாம். நாலைந்து அறை கட்டி வாடகைக்கு விடலாமென்று கணக்குப் போட்டு வாங்கினால் சிக்கல் வரும். என்ன பயிரிட வேண்டும் என்ற நிபந்தனையும், மாநில அரசின் சம்மதமின்றி விற்கக்கூடாது என்ற தடையும் அதே தாளில் அச்சாகியிருக்கும். சிறிய எழுத்தென்று தாண்டிப் போகாதீர்கள்.

ஐந்து: காலம் எவ்வளவு? நிரந்தர உரிமையா, குத்தகையா? தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகையில் எழுபது ஆண்டு கழிந்துபோயிருந்தால், மிஞ்சியிருப்பது இருபத்தொன்பது ஆண்டே. பேரப்பிள்ளைக்கு என்று வாங்குகிறவர் இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

ஆறு: அடமானமோ கேவியட்டோ பதிவாகியிருக்கிறதா? விற்பவர் காட்டும் நகல் பழையதாக இருக்கலாம். நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டித் தேடுதல் எடுத்தால் இன்றைய நிலைமை தெரியும். நிலவரி பாக்கி இருக்கிறதா என்றும் அங்கேயே கேளுங்கள். வரி கட்டாத நிலத்தை அரசாங்கம் பறிமுதல் செய்யச் சட்டமுண்டு.

இன்னுமொரு வார்த்தை. சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் தோழர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். குடியுரிமை இல்லாதவர் பெயரில் நிலம் பதிய மாநில அரசின் முன் அனுமதி வேண்டும். அவர்கள் இதை முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மரத்தில் பார்க்க வேண்டியவை

தாள் சரியாக இருந்தால் இனி வீட்டைப் பார்க்கலாம். இங்கே பால்மரம் வெட்டும் தோழரே ஆசிரியர். கிராணியார் அவர் பின்னால் நடக்கட்டும். பட்டையின் நிறத்தைப் பார்த்தே மரத்தின் நோய் சொல்கிறவருக்கு, ஒரு தூணின் நோய் சொல்லத் தெரியாதா?

பழைய கம்பத்து வீடுகள் கல்லின்மேல் நிற்கும் மரத்தூண்களில் எழும்பியவை. ஒவ்வொரு தூணின் அடியையும் குனிந்து பாருங்கள். கத்தி முனையால் குத்துங்கள். நுழையாவிட்டால் நல்லது, களிமண்ணில் நுழைவதுபோல் நுழைந்தால் தூண் போயிற்று. கறையானின் மண்வரி தூணில் ஏறியிருக்கிறதா, உத்தரம் வரை போயிருக்கிறதா என்று பாருங்கள். செங்கால் மரத்தில் செய்த வீடென்றால் தலைமுறை தாங்கும். வெள்ளைப் பலகையென்றால் வெளிச்சாயத்தை நம்ப வேண்டாம்.

வெயில் நாளில் மட்டும் வீடு பார்க்காதீர்கள். நல்ல மழை பெய்யும் நாளில் ஒருமுறை போய், உள்ளே அரைமணி நேரம் உட்காருங்கள். ஒழுகும் இடமெல்லாம் தானே சொல்லிவிடும். பக்கத்து வீட்டாரிடம் வெள்ளம் எதுவரை வந்தது என்று கேளுங்கள். 2014 டிசம்பரில் கிழக்குக் கரையிலும், 2021 டிசம்பரில் சிலாங்கூர், பகாங் மாநிலங்களிலும் வந்த வெள்ளத்தைக் கண்டவர்கள் சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள். விற்பவர் சொல்லாததைச் சுவரின் கறை சொல்லும்.

பழைய கூரை சாம்பல் நிற அலைத்தகடாக இருந்தால் அது கல்நார்த் தகடாக இருக்கலாம். அதை உடைப்பதும், துளையிடுவதும், அதன் தூளைப் பெருக்குவதும் நுரையீரலுக்கு ஆபத்து. "நாமே ஏறிப் பிரித்துப் போட்டுவிடலாம்" என்று துணிய வேண்டாம். அவ்வேலை தெரிந்தவரைக் கொண்டு செய்யுங்கள்.

நிலத்தில் இரப்பர் நிற்கிறது, அதிலேயே வருமானம் வருமென்பார்கள். மரத்தை நீங்களே பாருங்கள். ஏணி வைத்து மேலே வெட்டும் அளவுக்குப் பட்டை தீர்ந்த மரமா? பட்டை காய்ந்து பால் நின்ற மரங்கள் எத்தனை? அழித்து மறுநடவு செய்தால் வெட்டுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அறுபது வயதில் கன்று நடுகிறவர் இந்தக் கணக்கையும் பார்த்தே விலை பேசவேண்டும்.

பணக் கணக்கு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது வெறும் பேச்சன்று. பழைய வீட்டைப் பழுதுபார்ப்பது புதிதாகக் கட்டுவதைவிட மலிவு என்று எண்ணி இறங்குகிறவர்கள் பலர். ஒரு பலகையைக் கழற்றினால் அதன் பின்னால் மூன்று பலகை உளுத்திருக்கும். கையிலுள்ள தொகை முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டால், ஒழுகும் கூரையின் கீழ்ச் சொந்தக்காரராக உட்கார வேண்டியதுதான்.

விலையோடு வேறு செலவுகளும் உண்டு. பெயர் மாற்றத்துக்கு முத்திரை வரி: முதல் ஒரு லட்சம் வெள்ளிக்கு நூற்றுக்கு ஒன்று, அதற்குமேல் ஐந்து லட்சம் வரை நூற்றுக்கு இரண்டு. ஒன்றரை லட்சம் வெள்ளி நிலத்துக்கு இரண்டாயிரம் வெள்ளி ஆகிறது. வழக்கறிஞர் கட்டணம் தனி. விற்பவரின் வழக்கறிஞரே போதுமென்று தரகர் சொன்னால் கேட்காதீர்கள். உங்களுக்கென்று ஒருவரை அமர்த்துங்கள். அங்கே மிச்சம் பிடிக்கும் சில நூறு வெள்ளி பின்னால் பல்லாயிரமாகப் போகும்.

1951இல் ஏற்பட்ட ஊழியர் சேமநிதி நம்மவர் பலருக்கு உள்ள ஒரே செல்வம். வேலையில் இருக்கும்போதே வீட்டுக்காக அதில் ஒரு பகுதியை எடுக்கலாம். 2024 மே மாதத்திலிருந்து அந்தப் பகுதி செஜாத்ரா கணக்கு என்று வழங்கப்படுகிறது. வீடில்லாத வெறும் நிலத்துக்கு அப்பணம் கிடைக்காது. பழைய வீடு அந்த விதிகளுக்குள் வருமா என்று சேமநிதி அலுவலகத்தில் நேரில் கேட்ட பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். நமது யோசனை இது: சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கையாவது எந்த வீட்டுக்கும் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கிழவனும் கிழவியும் மருந்து வாங்கக் கூரைத் தகட்டை விற்க முடியாது.

பழுது பார்ப்பதிலும் வரிசை வேண்டும். முதலில் கூரை, பிறகு தூண், பிறகு தண்ணீரும் கழிப்பறையும், பிறகு மின்கம்பி. வர்ணமும் வாசல் வளைவும் கடைசி. ஒரு மழைக்காலம் குடியிருந்து பார்த்த பிறகு மற்றதைச் செய்தால் பாதிச் செலவு மிஞ்சும். உறவினர் பார்த்து மெச்சவேண்டுமென்று முதல் மாதத்திலேயே முன்கட்டு எழுப்பியவர்கள், பின்கட்டு சாய்வதைப் பார்த்து நின்றிருக்கிறார்கள்.

யார் பெயரில்?

இதைச் சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வரலாம். எனினும் சொல்கிறோம். கணவன் வெட்டிய அதே மரக்காட்டில், கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மனைவியும் வெட்டினாள். அவளுடைய சேமநிதியும் இந்த நிலத்தில் கலந்திருக்கிறது. அப்படியிருக்கக் கிராண்டில் அவள் பெயர் ஏன் இல்லை? இருவர் பெயரையும் பதியுங்கள். பிள்ளையின் பெயருக்கு உடனே எழுதிவைக்கும் அவசரமும் வேண்டாம். நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். அவன் கடன்பட்டால் கடன்காரன் உங்கள் கூரையைத் தேடி வருவான். உயில் எழுதி வையுங்கள். உயிரோடிருக்கும்வரை வீடு உங்களுடையதாக இருக்கட்டும்.

கூட்டாக வாங்குவது பற்றி

தனியாக வாங்க முடியாதவர் நால்வர் சேர்ந்து நான்கு ஏக்கர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம், ஒவ்வொருவர் பங்கும் 0.4 ஹெக்டேருக்குக் குறையாமல் இருந்தால், பிறகு பிரித்துத் தனிக் கிராண்டு கேட்க வழியுண்டு. ஆனால் பாதைக்கு விடும் நிலத்தையும் முன்கூட்டியே கழித்துப் பார்க்க வேண்டும். யார் எங்கே என்பதை அளவுக்காரரை வைத்து வரைபடத்தில் குறித்து, வழக்கறிஞர் முன்னால் எழுதிக்கொள்ள வேண்டும். நட்பு இருக்கும்போதே எழுதிக்கொண்டால் நட்பு நிலைக்கும்.

தோட்டம் கைமாறும்போது தொழிலாளிக்குச் சொந்த வீட்டு நிலம் ஒதுக்கவேண்டும் என்ற கோரிக்கையை நாம் இதனால் கைவிடவில்லை. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்கத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டுமென்று தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு கூறுகிறது. அந்த ஒப்புதலைக் கொடுக்கும்போது அங்கே குடியிருப்போரின் கதியென்ன என்றும் கேட்கப்படவேண்டும் என்பதே நமது நிலை. தலைமுறையாக உழைத்தவன் ஓய்வுக் காலத்தில் தரகர் வாசலில் நிற்கும்படி விட்டது நியாயமாகாது. ஆனால் கோரிக்கை நிறைவேறும் வரை மழை காத்திருக்காது. ஆகவே இப்போதே வாங்க முற்படும் தோழருக்கு வழி சொல்லவேண்டியது நமது கடமையாகிறது.

தோழர்களே! ஓய்வு பெறும் ஆண்டில் வீடு தேடாதீர்கள். லயத்தைக் காலி செய்யும் கடிதம் கையில் இருக்கும்போது எவனும் நிதானமாக விலை பேச முடியாது. ஐந்தாண்டு முன்னதாகவே தேடத் தொடங்குங்கள். பிடித்த இடத்தின் கிராண்டு நகலை மடியில் கட்டிக்கொண்டு கிளைக்கு வாருங்கள். எழுத்தறிந்த கிராணியார் தாளைப் படிக்கட்டும். மரமறிந்த தொழிலாளி தூணைக் குத்திப் பார்க்கட்டும். இருவரும் சரியென்று சொன்ன பிறகு முன்பணத்தை எண்ணுங்கள்.